தேதிக்கு முந்தி வந்த குறுந்தகடுகள் - கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி

எங்க ஊரைப் பத்தி வெளியூர்க்காரங்ககிட்ட சொல்லணும்னா கண்மாயில இருந்துதான் ஆரம்பிக்கணும். "நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை"ன்னு ஒரு சொலவடை உண்டு. நாரை ஒரே மூச்சுல பறந்து தாண்ட முடியாத அளவுக்கு நீளமான கரை, அதுல நாப்பத்தெட்டு மடை. ராமநாதபுரம் மாவட்டத்துல ஆர்.எஸ்.மங்கலம்னா இதுதான் அடையாளம். ராஜசிங்கமங்கலம்ங்கிற பேரே ஒரு பாண்டிய ராஜாகிட்ட இருந்து வந்ததுன்னு பெரியவங்க சொல்வாங்க.

கண்மாய்ப் பாசனத்துல வளந்தவனுக்கு ஒரு விஷயம் சின்ன வயசுலயே புரிஞ்சிடும். மடைக்குப் பக்கத்துல வயல் வச்சிருக்கிறவனுக்குத் தண்ணி முதல்ல. கடைமடைக்காரனுக்குக் கடைசியில. வருஷம் நல்லா இல்லேன்னா அதுவும் கிடையாது. தண்ணிக்கு மட்டும் இல்லைங்க, எல்லாத்துக்கும் இதே கணக்குதான். சினிமாப் பெட்டி மதுரையில ஓடி முடிச்சு, ராம்நாட்டுல ஓடி முடிச்சு, ரீலெல்லாம் கோடு விழுந்தப்புறம்தான் எங்க பக்கம் வரும். கம்ப்யூட்டர் சாமான் மட்டும் சும்மா இருக்குமா? அதுலயும் நாங்க கடைமடைதான்.

இப்படிப்பட்ட ஊர்க்காரன் 'ரிலீஸ் தேதிக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்த சாஃப்ட்வேர் சிடி'யைப் பத்தி எழுத உட்கார்ந்தா சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனா போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய சிடி கையில கிடைச்சது. அதைப் பிடிச்சிக்கிட்டே போனா ஒரு முழு வரலாறே வருது. கொசுவத்தியை அப்புறம் சுத்துறேன். மொதல்ல மேட்டர்.

ரிலீஸ் தேதின்னா என்ன?

சாஃப்ட்வேர் எழுதி முடிச்ச அன்னைக்கே அது கடைக்கு வந்துடாது. எழுதி முடிச்சதும் 'இதுதான் கடைசிப் பிரதி'ன்னு ஒண்ணை ஆலைக்கு அனுப்புவாங்க. அதை வச்சு லட்சக்கணக்குல தட்டு அடிப்பாங்க. அட்டைப்பெட்டியில போட்டு, லாரியில ஏத்தி, கிடங்குல இறக்கி, கடைக்கு அனுப்பி, அப்புறமா ஒரு நாள் 'இன்னைக்குத்தான் ரிலீஸ்'னு ஊர் கூட்டிச் சொல்லுவாங்க.

விண்டோஸ் கதையையே எடுத்துக்கங்க. விண்டோஸ் 95 ஆலைக்குப் போனது 1995 ஜூலை 14. கடைக்கு வந்தது ஆகஸ்ட் 24. இடையில 41 நாள். எக்ஸ்பி முடிஞ்சது 2001 ஆகஸ்ட் 24, கடைக்கு வந்தது அக்டோபர் 25. 62 நாள். விஸ்டா 2006 நவம்பர் 8-ல முடிஞ்சு, சாதாரண ஜனங்களுக்குக் கிடைச்சது 2007 ஜனவரி 30. 83 நாள். விண்டோஸ் 7 முடிஞ்சது 2009 ஜூலை 22, ரிலீஸ் அக்டோபர் 22. 92 நாள்.

கவனிச்சீங்களா? இன்டர்நெட் வேகமாக வேகமா இந்த இடைவெளி குறையணும். ஆனா கூடிக்கிட்டே போச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். தட்டு அடிக்கிறது மட்டும் வேலை இல்லை. புது கம்ப்யூட்டர் செய்யிற கம்பெனிகள் அதைப் போட்டு சோதிக்கணும், பிரிண்டர்காரன் டிரைவர் எழுதணும், விளம்பரம் தயாராகணும், எல்லா நாட்டுக் கடைக்கும் ஒரே நாள்ல சரக்கு போய் நிக்கணும். பல மொழி, பல நாடு, ஒரே நாள். அதுக்குத்தான் அத்தனை நாள்.

ஆக, ரிலீஸ் தேதியன்னைக்கு எதுவும் புதுசாப் பிறக்கிறது இல்லை. பொருள் ஏற்கனவே பிறந்து, ரெண்டு மூணு மாசக் குழந்தையாக் கிடங்குல தூங்கிட்டு இருக்கும். அன்னைக்கு ஒரு கயிறை அவிழ்க்கிறாங்க, அவ்வளவுதான்.

நமக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாள். பரீட்சைக்கு ரொம்ப முன்னாடியே அச்சாயிடும். கட்டுக்காப்பு மையத்துல போலீஸ் காவலோட இருக்கும். பரீட்சையன்னைக்குக் காலையில எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல சீல் உடைப்பாங்க. சென்னைப் பையனுக்கும் எங்க ஊர்ப் பையனுக்கும் ஒரே நிமிஷம். ஒரு இடத்துல ஒரு உறை முன்கூட்டியே கிழிஞ்சாலும் மொத்தமும் போச்சு.

இதுக்கு நேர் எதிரா வாரப் பத்திரிகை. அட்டையில ஒரு தேதி போட்டிருக்கும், ஆனா அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே பொட்டிக்கடையில கிளிப் மாட்டித் தொங்கும். 'தேதிக்கு முன்னாடியே வித்துட்டான்'னு யாரும் வழக்குப் போட்டதில்லை. அந்தத் தேதி சும்மா அலங்காரம். வினாத்தாள் தேதி அப்படி இல்லை, அது வேலி. சாஃப்ட்வேர் தேதியும் வேலிதான்.

வேலின்னு இருந்தா ஆடு புகுந்துதானே ஆகணும் :-)

புகுந்த ஆடுகள்

முதல் வகை ஆடு திருட்டு சிடி. எக்ஸ்பி கடைக்கு வர்றதுக்கு ஏறக்குறைய 35 நாள் முன்னாடியே, கம்பெனிகளுக்கான பதிப்பு அதோட திறவுகோல் எண்ணோட சேர்ந்து நெட்டுல வெளியாயிடுச்சு. அந்த எண்ணோட முதல் அஞ்சு எழுத்தைச் சொன்னா இன்னைக்கும் பல பேருக்கு மீதி தானா வாய்ல வந்துடும். அந்தக் காலத்துல பொட்டி தட்டக் கத்துக்கிட்ட தலைமுறைக்கு அது மனப்பாடச் செய்யுள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனவங்களுக்கு இதைப் பத்தி நான் விளக்க வேண்டியதில்லை. காசு கொடுத்துப் பெட்டி வாங்க நினைச்சவர் காத்திருந்தார். காசு கொடுக்காதவருக்கு ஒரு மாசம் முன்னாடியே கிடைச்சது. நியாயமா? இல்லை. ஆனா நடந்தது அதுதான்.

ரெண்டாவது வகை இன்னும் சுவாரசியம். ஒழுங்காக் காசு கட்டி முன்பதிவு பண்ணினவருக்கு, கடைக்காரர் தப்பாலயோ அவசரத்தாலயோ, பொருள் முன்னாடியே போய்ச் சேர்றது. ஆப்பிள் கம்பெனியோட டைகர் 2005 ஏப்ரல் 29 சாயங்காலம்தான் விற்பனைன்னு அறிவிச்சாங்க. முன்பதிவு பண்ணின சில பேருக்கு அதுக்கு முன்னாடியே கூரியர்காரர் கதவைத் தட்டிட்டார். இந்த வகையில வாங்கினவர் மேல என்ன தப்பு இருக்கு? காசு கட்டினார், பொருள் வந்துச்சு, பிரிச்சார்.

இந்தக் கேள்வி கோர்ட் வரைக்கும் போனது சாஃப்ட்வேர்ல இல்லை, புத்தகத்துல. 2005 ஜூலை 16 நள்ளிரவுக்கு மேலதான் ஹாரி பாட்டர் ஆறாவது புத்தகத்தை விக்கணும். கனடாவுல வான்கூவர் பக்கத்துல கோகிட்லம்ங்கிற ஊர்ல ஒரு கடையில தெரியாத்தனமா 14 பிரதி முன்னாடியே வித்துட்டாங்க. கனடாப் பதிப்பாளர் ரெயின்கோஸ்ட் நேரா பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தடை உத்தரவும் கிடைச்சது. என்ன உத்தரவு தெரியுமா? வாங்கினவங்க ரிலீஸ் நேரம் வரைக்கும் அந்தப் புத்தகத்தைப் பத்திப் பேசக் கூடாது, விக்கக் கூடாது, ஏன், படிக்கவே கூடாது! காசு கொடுத்து வாங்கின புத்தகத்தைத் தன் வீட்டுக்குள்ள உட்கார்ந்து படிக்கக் கூடாதுன்னு கோர்ட் சொன்னது அப்பவே பெரிய சர்ச்சை ஆச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு ஏழாவது புத்தகம். 2007 ஜூலை 21 ரிலீஸ். அமெரிக்காவுல முதல் அச்சே ஒரு கோடியே இருபது லட்சம் பிரதி. அதுல ஆயிரத்து இருநூறு பிரதி போல டீப்டிஸ்கவுண்ட்ங்கிற இணையக் கடை வழியா முன்னாடியே தபால்ல கிளம்பிடுச்சு. பத்தாயிரத்துல ஒண்ணு. பதிப்பாளர் ஸ்காலஸ்டிக் வழக்குப் போட்டார். ஆனா இந்தத் தடவை வாங்கினவங்க மேல இல்லை, கடை மேலயும் சரக்கு அனுப்பினவங்க மேலயும். கையில கிடைச்சவங்ககிட்ட 'தயவு செஞ்சு ஒளிச்சு வச்சிக்கங்க'ன்னு வேண்டுகோள் மட்டும்தான். ரெண்டு வருஷத்துல அவங்களுக்கும் புத்தி வந்திருக்கு. வாசகனை மிரட்டி வேலி கட்ட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. லண்டன்ல நள்ளிரவு 12 மணி 1 நிமிஷம்னா நமக்கு விடிகாலை 4 மணி 31 நிமிஷம். அன்னைக்கு நம்ம ஊர்க் கடைகளும் அதிகாலையில திறந்து வித்தாங்க. லண்டன் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் ஒரே நாள்ல ஒரே புத்தகம். வேலியால வந்த நன்மை அது. கடைமடைக்காரனான எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாப் பட்டுச்சு.

வேலைநிறுத்தம் கொண்டு வந்த விண்டோஸ்

இப்ப இந்தப் பதிவோட நாயகனுக்கு வருவோம். 2009. இங்கிலாந்து.

விஸ்டா பேரு கெட்டுப் போயிருந்த நேரம். விண்டோஸ் 7-க்கு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஜூலை 15-ல இங்கிலாந்துல முன்பதிவு ஆரம்பிச்சது, ஹோம் பிரீமியம் சலுகை விலை 49.99 பவுண்டு. முதல் எட்டு மணி நேரத்துல வந்த முன்பதிவு, விஸ்டாவுக்கு 17 வாரம் முழுக்க வந்த முன்பதிவைத் தாண்டிடுச்சுன்னு அமேசான் சொன்னுச்சு. அது மட்டுமில்லை, முன்பதிவுல அதிக வசூல் பண்ணின பொருள்னு அதுவரைக்கும் அங்க முதலிடத்துல இருந்தது நம்ம ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகம். அதையும் விண்டோஸ் 7 முந்திடுச்சு. மந்திரவாதிப் பையனை ஒரு இயங்குதளம் ஜெயிச்சது அனேகமா அதுதான் முதல் தடவை.

ரிலீஸ் அக்டோபர் 22, வியாழக்கிழமை. எல்லாம் தயார். அப்பத்தான் இங்கிலாந்துத் தபால் ஊழியர் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவிச்சது. எந்தத் தேதி? அக்டோபர் 22, 23. சரியா அதே நாள்!

யோசிச்சுப் பாருங்க. உலகம் பூரா விளம்பரம் பண்ணியாச்சு. கடைக்குப் போறவனுக்குக் காலையில கிடைச்சிடும். முதல்ல காசு கட்டி, மூணு மாசம் காத்திருந்தவனுக்குத்தான் தபால் பெட்டியில மாட்டிக்கிட்டு அடுத்த வாரம் வரும். முன்பதிவு பண்ணினதுக்குத் தண்டனை மாதிரி ஆயிடும்.

மைக்ரோசாஃப்ட் ஒரு முடிவு எடுத்தது. இணையக் கடைகள் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த வாரத் தொடக்கத்திலயே அனுப்பலாம்னு அனுமதி கொடுத்தது. விளைவு, நிறைய பேர் வீட்டு வாசல்ல ரிலீசுக்குச் சில நாள் முன்னாடியே விண்டோஸ் 7 பெட்டி வந்து விழுந்தது. திருட்டு இல்லை, கடைக்காரர் தப்பு இல்லை. உரிமையாளரே கயிறை அவிழ்த்து விட்ட ரிலீஸ்.

இதுல ரகசியம் எதுவும் உடையலைங்கிறதும் உண்மை. மென்பொருள் எழுதறவங்களுக்கான சந்தா வச்சிருந்தவங்க ஆகஸ்ட் 6-ல இருந்தே அதே பதிப்பை இறக்கிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சாதாரண ஜனங்களுக்குத்தான் அக்டோபர்.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது என்னன்னா, ரிலீஸ் தேதிங்கிற அந்தப் பெரிய வேலியை யார் தாங்கிப் பிடிச்சிட்டு இருந்தாங்கன்னு அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. விளம்பரக் கம்பெனியும் இல்லை, வக்கீலும் இல்லை. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வீடு வீடாப் போற தபால்காரர். அவர் ரெண்டு நாள் கையைக் கட்டிக்கிட்டா உலகத்தோட பெரிய மென்பொருள் கம்பெனியே தன் தேதியை நகர்த்திக்கணும். இதுவரைக்கும் சொன்ன கதைகளையும் திருப்பிப் பாருங்க. எத்தனை கிடங்குத் தொழிலாளி, எத்தனை லாரி ஓட்டுநர், எத்தனை கூரியர் பையன் கையில அந்தப் பெட்டிகள் தேதிக்கு முன்னாடி இருந்திருக்கும்! கோடிக்கணக்கான பிரதியில ஆயிரத்து இருநூறுதான் தப்பினதுன்னா, மத்த எல்லாரும் பிரிக்காம வச்சிருந்தாங்கன்னு அர்த்தம். தப்பினது செய்தி ஆச்சு. தப்பாதது செய்தி ஆகலை.

நம்ம பக்கம் வந்த தட்டு

சரி, இப்ப கொசுவத்தி.

எங்க மாமா ஊர்ல ஒரு டிடிபி கடை வச்சிருந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. அந்தத் தொழில்ல எழுத்துரு இருந்தாத்தான் கையில வேலை. பேஜ்மேக்கர்ல யூனிகோடு ஓடாது. ஆளாளுக்கு ஒரு குறியீட்டு முறை வச்சிருந்த காலம் அது. 1999-ல சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு அப்புறம் அரசாங்கம் டாம், டாப்னு ரெண்டு குறியீட்டைத் தரமா அறிவிச்சும், கடைகள்ல அவனவன் முறைதான் ஓடிச்சு. ராம்நாட்டுல அடிச்சுக் கொண்டு வந்த ஃபைல் எங்க மாமா கம்ப்யூட்டர்ல திறந்தா கோழி கிளறின மாதிரி இருக்கும்.

2004 கடைசியில ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம். 'பொங்கலுக்குப் புது வெர்ஷன் ரிலீஸ் ஆகுது சார், நூறு எழுத்துரு, டாங்கிளோட வரும். இப்ப முன்பணம் கட்டினா பாதி விலை'ன்னார். மாமா 3,500 ரூபா கட்டினார். ரெண்டு மாசத்துக் கடை வாடகைங்க அது. அத்தைகிட்ட சொல்லாம கட்டினார்ங்கிறது பின்னாடிதான் தெரிஞ்சது.

பொங்கல் வந்துச்சு, தட்டு வரலை. மாசி வந்துச்சு, வரலை. போன் பண்ணினா 'டெஸ்டிங்ல இருக்கு சார்'. அப்புறம் போனே எடுக்கலை. முகூர்த்த மாசத்துல, 'உங்க எழுத்து நல்லா இல்லண்ணே'ன்னு சொல்லி ரெண்டு மூணு வீட்டுக்காரங்க பத்திரிகையைத் தேவகோட்டையில அடிச்சுட்டாங்க. மாமா ஒண்ணும் பேசலை. கல்லாவுல அந்த ரசீதை மட்டும் மடிச்சு வச்சிருந்தார்.

அந்த ஏப்ரல் 15-ந் தேதி (2005) மத்திய அரசு தமிழ் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அடங்கின ஒரு குறுந்தகடை இலவசமா வெளியிட்டது. நம்மள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். எழுத்துருக்கள், விசைப்பலகை இயக்கிகள், தமிழ் இடைமுகத்தோட அலுவலகச் செயலி, உலாவி எல்லாம் ஒரே தட்டுல. இணையத்துல பேரு, விலாசம் பதிஞ்சா வீட்டுக்கே தபால்ல வரும். இதுல ஒரு வேடிக்கை, அப்ப தகவல் தொழில்நுட்பமும் தபால் துறையும் ஒரே அமைச்சகம். தயாநிதி மாறன் அமைச்சர். தட்டும் அவங்களோடது, கொண்டு வர்ற சைக்கிளும் அவங்களோடது.

'இறக்கிக்க வேண்டியதுதானே'ன்னு இன்னைக்குப் பசங்க கேப்பாங்க. தொலைபேசிக் கம்பியில நொடிக்கு நாலு, அஞ்சு கேபி. ஒரு முழு சிடியை இறக்க நாப்பது மணி நேரம் ஆகும். நடுவுல யாராவது போன் பண்ணினா அத்தோட சரி, முதல்ல இருந்து. எங்க மாதிரி ஊருக்கெல்லாம் அப்ப அகலக்கற்றைன்னா அது தபால் பைதான். அதுவும் ராமேஸ்வரம் லைன் அப்ப மீட்டர் கேஜ். 2007-லதான் அகலப் பாதை ஆச்சு. எங்க ஊருக்கு ரயிலே கிடையாது, ராம்நாட்டுல இருந்து ரோட்டு வழிதான்.

நான்தான் மாமா பேரைப் பதிஞ்சேன். 'இதுக்கும் முன்பணம் உண்டாடா?'ன்னு கேட்டார். 'இல்ல மாமா, சும்மா'ன்னேன். 'சும்மா கொடுக்கிறதும் சொன்ன தேதிக்கு வராது, காசு வாங்கினதும் வராது'ன்னார். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார்.

வாரம் போச்சு. வாரங்கள் போச்சு. எங்க தெருவுக்கு வர்ற தபால்கார அண்ணனுக்கு விஷயம் தெரியும். மாமா அவரைப் பாக்கும்போதெல்லாம் 'என்னண்ணே, எதும் உண்டா?'ன்னு கேக்கிறதும், அவர் 'இன்னைக்கு இல்ல தம்பி'ன்னு பெல் அடிச்சிட்டுப் போறதும் வாடிக்கை ஆயிடுச்சு.

ஒரு நாள் சாயங்காலம், ஆறு ஆறரை இருக்கும். காக்கிச் சட்டை இல்லாம, கைலியோட அவரே சைக்கிள்ல வந்து கடை முன்னாடி நிக்கிறார். கையில ஒரு கவர்.

"தம்பி, இது கடைசிப் பையில வந்துச்சு. முறைப்படி நாளைக்கு டெலிவரிதான். போஸ்ட் மாஸ்டர்கிட்ட சொல்லிக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்கு முகூர்த்தம்ல, உங்களுக்கு ராத்திரி வேலை இருக்கும்னு நெனச்சேன்."

மாமா ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் "டீ சாப்பிடுங்கண்ணே"ன்னார். அவ்வளவுதான்.

அந்த ராத்திரி மாமா கூட நானும் கடையில இருந்தேன். டாம் எழுத்துருக்களைப் பேஜ்மேக்கர்ல போட்டு ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்தோம். சிலது அழகு, சிலது மொக்கை. ஆனா எந்தக் கடையில திறந்தாலும் திறக்கும்ங்கிற ஒரே காரணத்துக்காக மாமா அதையே பிடிச்சிக்கிட்டார். அதுக்கப்புறம் வந்த முகூர்த்தத்துல தேவகோட்டை போனவங்கள்ல ஒரு வீடு திரும்பி வந்துச்சு.

மாசக்கணக்காத் தாமதமா வந்த தட்டுதான் அது. ஆனா கணக்குப்படி ஒரு ராத்திரி முன்னாடி வந்தது. என் வாழ்க்கையில தேதிக்கு முந்தி வந்த ஒரே குறுந்தகடு. பரண்ல கிடைச்சதும் அதுதான்.

அதுக்கப்புறம் உபுண்டு தட்டும் தபால்ல வந்துச்சு. 2004 கடைசியில ஆரம்பிச்சு 2011 ஏப்ரல் வரைக்கும், கேட்ட எல்லாருக்கும் உலகம் பூரா இலவசமா அனுப்பினாங்க. அதுக்கும் வாரக்கணக்குல காத்திருப்போம். வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டின கவர் வந்தா தபால்கார அண்ணனுக்கே பெருமை. 'தம்பி, வெளிநாட்டுல இருந்து!'ன்னு தெரு முனையிலயே குரல் கொடுப்பார்.

பூட்டு தட்டுல இருந்து சாவிக்குப் போனது

வேலியை ஆடு மேயுதுன்னு தெரிஞ்சதும் கம்பெனிகள் வேற வழி கண்டுபிடிச்சாங்க. பொருள் முன்னாடியே போகட்டும், சாவியை மட்டும் நாம வச்சிக்கலாம்னு.

2004 நவம்பர் 16-ல வந்த ஹாஃப் லைஃப் 2 விளையாட்டுல இதைப் பாத்தோம். தட்டு கையில இருந்தாலும் சரி, ஸ்டீம் வழியா முன்னாடியே இறக்கி வச்சிருந்தாலும் சரி, நேரம் வந்து அவங்க செர்வர் திறந்து விட்டாத்தான் ஓடும். 2015-ல விண்டோஸ் 10-க்குப் பேரு பதிஞ்சவங்க கம்ப்யூட்டர்ல ஜூலை 29-க்கு முன்னாடியே கோப்புகள் சத்தமில்லாம இறங்கி உட்கார்ந்துடுச்சு. முன்பதிவு, முன்கூட்டிய டெலிவரி எல்லாம் இருக்கு. ஆனா வாசல் கதவைத் தட்டுறதுக்கு ஆள் இல்லை.

இதே விஷயம் நம்ம தியேட்டருக்கும் வந்துச்சு, அதுவும் நம்ம சென்னையில இருந்தே. ரியல் இமேஜ் கம்பெனியோட க்யூப் வந்தப்புறம் ஃபிலிம் பெட்டி போயிடுச்சு. படம் மறையாக்கம் பண்ணின கோப்பாத் தியேட்டருக்கு முன்னாடியே வந்துடும். ஓட்டுறதுக்கு உரிமச் சாவி தனியா வரும். எத்தனை மணிக்கு எத்தனை நாள் ஓட்டலாம்ங்கிறது அந்தச் சாவியில இருக்கும். பைனான்ஸ் பிரச்சினை வந்து 'சாவி வரலை, காலைக் காட்சி ரத்து'ன்னு எத்தனை தடவை கேட்டிருப்போம்! படம் உள்ள இருக்கும், ஜனம் வெளிய நிக்கும், நடுவுல ஒரு சாவி.

இதுல நல்லதும் இருக்கு. கோடு விழுந்த ரீல் போச்சு. மதுரைக்கு வர்ற அதே வெள்ளிக்கிழமை சின்ன ஊருக்கும் படம் வருது. கண்மாய்க் கணக்குல சொன்னா, கடைமடைக்கும் தலைமடைக்கும் ஒரே நேரத்துல தண்ணி. இதை நான் குறை சொல்ல மாட்டேன். காத்திருந்து காத்திருந்து சலிச்சவன் நான். 'அந்தக் காலம்தான் பொற்காலம்'னு எழுதினா மாமாவே அடிக்க வருவார்.

ஆனா ஒண்ணு. பூட்டும் சாவியுமா ஆனப்புறம் தப்பும் நடக்காது, தயவும் நடக்காது. கோகிட்லம்ல 14 பேருக்குத் தெரியாம வித்த கடைக்காரர் தப்பு இனிமே நடக்காது. கைலியோட சைக்கிள்ல வந்து 'நாளைக்கு முகூர்த்தம்ல'ன்னு சொன்னவர் செஞ்சதும் இனிமே நடக்காது. ரெண்டும் ஒரே ஓட்டை வழியா வந்ததுதான். ஓட்டையை அடைச்சா ரெண்டுமே போகும்.

மாமா கடை இப்பவும் இருக்கு. பேஜ்மேக்கர் போச்சு, டாம் போச்சு, 2010-ல தமிழக அரசே யூனிகோடுக்கு மாறிடுச்சு. கடையில இப்ப இருக்கிற கம்ப்யூட்டர்ல சிடி போடுற இடமே இல்லை. பரண்ல கிடைச்ச தட்டைக் கொண்டு போய்க் காட்டினேன். துடைச்சுப் பாத்துட்டு, "இதை எதுல போட்டுப் பாக்கிறது?"ன்னார். அப்புறம் கல்லாவைத் திறந்து அந்த 3,500 ரூபா ரசீதை எடுத்து, ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு வச்சிட்டார். "ஒண்ணு வராதது, ஒண்ணு வந்தது. ரெண்டும் இருக்கட்டும்"னார்.

தபால்கார அண்ணன் ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. போன தடவை ஊருக்குப் போனப்ப கண்மாய்க் கரையில பாத்தேன். இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. "அப்படியா தம்பி? எத்தனையோ கவர் கொடுத்திருப்பேன், எதுன்னு சொல்ல?"ன்னு சிரிச்சார்.

சரி மக்களே, உங்க ஊருக்கு முதல் சிடி எப்படி வந்துச்சு? யார் கொண்டு வந்து கொடுத்தா? நேரம் இருந்தா எழுதுங்க, இல்லேன்னா உங்க பக்கத்துல ஒரு பதிவாவே போடுங்க.

டிஸ்கி: மேல சொன்ன எக்ஸ்பி எண்ணோட மீதியை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தவங்க கையைத் தூக்க வேண்டாம். எல்லாரும் ஒரே படகுதான் :-)